மாமன் மடி

பேத்தியின் தலையைப் பார்த்தால் மாரப்பனுக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். ஆறு வயசு முடிந்தும் கத்தி படாத தலை. எத்தனை எண்ணெய் வைத்தாலும் சீப்பு இறங்காது. தூக்கணாங்குருவி பார்த்தால் கேட்காமலே குடியேறிவிடும். அவள் வயசுப் பிள்ளைகளுக்கெல்லாம் எப்போதோ மொட்டை அடித்துக் காது குத்தியாகிவிட்டது. மாதிக்கு மட்டும் இல்லை. வைத்த பேர் மாதம்மாள், கூப்பிடுவது மாதி.

எல்லாம் தாய்மாமன் சொல்லிவிட்டுப் போன சொல்லால் வந்தது. மாரப்பனின் மகள் காவேரி, மாதியைப் பெற்றுப் போட்ட பத்தாம் நாள் கண்ணை மூடினாள். அவள் புருஷன் தங்கவயலுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். பெற்றது ஆணா பெண்ணா என்பதுகூட அவனுக்கு மறந்திருக்கும். காவேரியின் தம்பி அர்ச்சுனன்தான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தான். அந்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள், கிளம்பிவிட்டான். தருமபுரியில் சின்ன ரயில் ஏறும்போது பிள்ளையை ஆத்தாள் கோவிந்தம்மாள் கையில் கொடுத்து, "வேடியப்பனுக்கு வேண்டியிருக்கறேன் ஆத்தா. எம்மடியிலதான் இவளுக்கு மொட்ட. நான் வர்ற வரைக்கும் கத்தி வெக்கக் கூடாது" என்றான்.

போனவனைப் பர்மாச் சண்டையில் காணோம் என்று சர்க்கார் சொன்னது.

கோவிந்தம்மாள் அதற்கு அழவே இல்லை. "காணோம்னுதான சொன்னாங்க? மாடு காணாம போனா மூணாம் நாளு தானா வந்து தொட்டியில வாய வெக்குது. எம்புள்ள மாட்ட விடக் கேடா?" என்று கேட்டாள். அர்ச்சுனன் கட்டிய நல்ல வேட்டி ஒன்றை மண்பானையில் வேப்பிலை போட்டு மூடி வைத்திருந்தாள். துணிக்குக் கட்டுப்பாடு வந்து, ஊரே கந்தலும் கிழிசலுமாய்த் திரிந்த நாளில், மாரப்பன் கோவணத்தோடு ஏர் ஓட்டினார். அந்தப் பானைப் பக்கம் அவரை அவள் அண்டவிடவில்லை.

சண்டை முடிந்தது. அடுத்த தை மாசம் தருமபுரிச் சந்தையில், மாடு பார்த்துக்கொண்டிருந்த மாரப்பனை ஒருவன் தொட்டுக் கூப்பிட்டான். ஒரு கை முழங்கையோடு போயிருந்தது. அர்ச்சுனனோடு ஒரே கூடாரத்தில் கிடந்தவனாம். அர்ச்சுனனின் ஜாடையை வைத்து மாரப்பனை அடையாளம் கண்டுகொண்டானாம். "காணோம் இல்லீங்க பெரியவரே. குண்டு பட்டு எம்பக்கத்துலதாங்க விழுந்தான். ஆத்தோரமாப் பொதச்சோம். நானும் ஒரு கை மண்ணு போட்டேன்" என்றான். அப்போது அவனுக்கு இரண்டு கையும் இருந்திருக்கும்.

மாரப்பன் மாடு வாங்காமல் வீட்டுக்கு வந்தார். "ஏங்க மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று கோவிந்தம்மாள் கேட்டாள். "வெயிலு" என்றார். ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்தவள். இன்னொன்றும் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டினது போல அன்றைக்கு வாயை மூடியவர்தான். நாள் போகப்போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

வைகாசி வந்தது. மாதிக்கு ஏழாம் வயசு நடந்தது. இந்த ஒற்றைப்படையை விட்டால் எட்டில் ஆகாது, ஒன்பது வரைக்கும் ஒரு பெண் பிள்ளையைச் சடையோடு வைத்திருக்க முடியாது. மாரப்பன் ஒரு கணக்குப் போட்டார். அரூர்ப் பக்கம் இருக்கும் அண்ணன் மகன் முனியப்பனுக்கு ஆள் மூலம் சேதி சொல்லியனுப்பினார். காவேரிக்கு அவனும் தம்பி முறைதான். அவன் மடியில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் தாய்மாமன் உயிரோடு இருக்கையில் இன்னொருத்தன் மடி கொடுத்தால் மாமனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். கோவிந்தம்மாள் ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வேடியப்பன் கோயிலுக்குப் போகிற வழியில் சொல்லிவிடலாம், சாமி தைரியம் கொடுப்பான் என்று வண்டியைக் கட்டினார்.

வண்டி அதியமான்கோட்டை தாண்டுவதற்குள் அவள் மூட்டையைப் பிரித்து அந்த வேட்டியை எடுத்துக் காட்டினாள்.

"ஆளு வர முடியாட்டி என்னங்க? பூசாரிகிட்ட ஆளு விட்டுக் கேட்டுட்டேன். தூரதேசத்துல இருக்கற மாமனுக்கு அவன் கட்டுன வேட்டிய மடிச்சுப் போட்டு, அதுமேல புள்ளைய உக்கார வெக்கலாமாம். அதுவும் மாமன் மடிதானாம்!"

மாரப்பனின் கையிலிருந்து பிடிகயிறு நழுவியது. அந்த வழக்கம் அவருக்கும் தெரியும். அதன் மறுபாதியும் தெரியும். உயிரோடு இருப்பவன் வேட்டிக்குத்தான் அது. செத்தவன் துணியில் பிள்ளையை உட்கார வைத்தால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. பூசாரி அதைச் சொன்னாரோ இல்லையோ, சொல்லியிருந்தாலும் அவள் காதில் ஏறியிருக்காது.

"தாத்தா, மாமா மடி பெருசா இருக்குமா?" என்று மாதி கேட்டாள்.

"இருக்கும்" என்றார் மாரப்பன்.

"உங்க மடிய விடவா?"

"அதவிட."

கோவிந்தம்மாளுக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். ஆறு வருஷமாக வீட்டை விட்டு நகராதவள், பார்த்ததையெல்லாம் பேத்திக்குக் காட்டிக்கொண்டு வந்தாள். வத்தல்மலையைக் காட்டினாள். சந்தைக்குப் போகிற வண்டிகளில் யார் வீட்டு வண்டி என்று பேர் சொன்னாள். புளியமரத்தடியில் நிறுத்திக் களி உருண்டையைப் பிட்டுப் புளிச்சாற்றில் தோய்த்து ஊட்டினாள். மாரப்பன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். முதல் தடவை, "தண்ணி வேணுமா?" என்று செம்பை நீட்டினாள். இரண்டாம் தடவை, "சளி புடிச்சிருக்குது, மொளகு தட்டிக் குடுக்கறேன்" என்றாள். வாங்கிக் குடித்துக்கொண்டார்.

தருமபுரியைத் தாண்டி மொரப்பூர்ச் சாலையில் போகும்போது பக்கத்தில் நீளமாக ஒரு மண்மேடு கூடவே வந்தது. சின்ன ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது மேட்டில் எருக்கஞ்செடிதான் முளைத்திருந்தது. அந்த ரயில்தான் அர்ச்சுனனை ஏற்றிக்கொண்டு போனது. கோவிந்தம்மாள் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, ரயிலு இல்லியே. எம்புள்ள எதுல வருவான்?"

இதுதான் சமயம். மாரப்பன் வாயைத் திறந்தார்.

"மொரப்பூர்ல எறங்கி நடந்துதான் வரணும்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "நடக்கட்டும். காலு இருக்குதில்ல? வேர்த்து விறுவிறுத்து வருவான். மோரு கலக்கி வெச்சுட்டாப் போச்சு."

மாரப்பன் திறந்த வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அவள்மேல் கோபம் வந்தது. இப்படி நம்பினால் மனுஷன் என்னதான் செய்வான்? தன்மேலும் கோபம் வந்தது. இரண்டையும் சேர்த்து மயிலைக் காளையின் முதுகில் ஒரு போடு போட்டார். பாவம், அது என்ன செய்தது?

இரவு மொரப்பூர்ச் சத்திரத்தில் தங்கி, விடிந்ததும் கிளம்பினார்கள். வேடியப்பன் கோயிலுக்கு வெயில் ஏறும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கோயில் என்றால் கோபுரம் மண்டபம் இல்லை. பாறைமேல் ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு பலகைக் கல். கல்லில் கையில் வில்லோடு ஒரு ஆள். எந்தக் காலத்திலோ சண்டையில் செத்த ஒருத்தன்தான் வேடியப்பன் என்று மாரப்பனின் அப்பன் சொல்வார். சின்ன வயசிலிருந்து கும்பிட்ட சாமி. அவனுக்கும் ஒரு ஆத்தாள் இருந்திருப்பாளே என்ற நினைப்பு அன்றைக்குத்தான் முதல் முதலாக மாரப்பனுக்கு வந்தது. கை கூப்பினார், வாயில் ஒரு வேண்டுதலும் வரவில்லை.

முனியப்பன் முன்னாலேயே வந்து காத்திருந்தான். ஏன் கூப்பிட்டார் என்று சித்தப்பன் சொல்லாவிட்டாலும் அவனுக்குப் புரிந்திருந்தது. முகம் பார்த்துப் பேசாமல் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினான்.

நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, "தாய்மாமன் யாருங்க? வந்து உக்காரச் சொல்லுங்க" என்றார்.

முனியப்பன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். கோவிந்தம்மாள் சிரித்தபடியே அவனைக் கையால் தடுத்தாள். "நீ எதுக்குடா சாமி? அவன் சொத்து அவனுக்குத்தான்." வேட்டியை உதறி, நாலாக மடித்து, கல்லுக்கு எதிரே பாறைமேல் போட்டாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். மாதியைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தாள்.

வைகாசி வெயிலில் காய்ந்த பாறை. மாதி கண்ணை அகல விரித்தாள். நெளிந்து பார்த்துவிட்டு, இன்னும் நன்றாக அமுங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆயா! மாமா மடி சூடா இருக்குது!"

கோவிந்தம்மாளின் முகம் மலர்ந்ததை என்ன சொல்வது! மகள் செத்த பிறகு அந்த முகத்தை மாரப்பன் பார்த்ததே இல்லை. "இருக்காதாடி என் தங்கம்? உசுரு இருக்கற மடி சூடாத்தான் இருக்கும்" என்றாள்.

நாவிதர் ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்தார். தண்ணீர் மாதியின் நெற்றியில் வழிந்து வேட்டியில் சொட்டியது. அந்த நனைந்த இடத்தையே மாரப்பன் பார்த்தார். ஆற்றோரத்தில் மண்ணுக்குள் கிடப்பவன் துணி. அதன்மேல் காவேரி விட்டுப்போன ஒரே ஒரு உயிர். பேசாமல் இருந்தால் ஒருத்தி முகம் மலர்ந்தபடி இருக்கும். பிள்ளைக்கு ஒன்று என்றால்? கத்தி உச்சந்தலைக்கு வந்தது.

"நிறுத்துங்க" என்றார்.

நாலு எட்டில் போய் மாதியை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். குனிந்து வேட்டியை உருவி எடுத்தார். அதை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"முனியப்பா. நீ உக்காரு."

அவ்வளவுதான் சொன்னார். "எனக்கு மாமா மடிதான் வேணும்!" என்று மாதி கையைக் காலை உதறிக் கத்தினாள். முனியப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். நாவிதர் கத்தியை இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கோவிந்தம்மாள் மாரப்பனைப் பார்த்தாள். அவர் நெஞ்சில் கிடந்த வேட்டியைப் பார்த்தாள். வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மாதியிடம் வந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத கண்ணு. நல்ல காரியத்துல அழுவக் கூடாது. இவனும் உனக்கு மாமன்தான்." முனியப்பனிடம் திரும்பினாள். "உக்காரு சாமி. நேரம் போவுது."

முனியப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மாதி விசும்பிக்கொண்டே அவன் மடியில் உட்கார்ந்தாள். விழுந்த முடியை ஒரு இழைகூடத் தரையில் படாமல் கோவிந்தம்மாள் முந்தானையில் ஏந்தினாள். காது குத்தும்போது பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பொங்கல் வைத்தாள், பூசாரிக்கும் நாவிதருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள், முனியப்பனை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. மாரப்பனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கத்தி அழுதிருந்தால் தாங்கியிருப்பார்.

திரும்பும்போது அவள் எந்த வண்டி யார் வீட்டு வண்டி என்று சொல்லவில்லை. மாதி சந்தனம் பூசிய மொட்டைத் தலையை ஆயாவின் தொடையில் வைத்துத் தூங்கிப்போனாள். மொரப்பூர் தாண்டி, அந்த மண்மேடு மறுபடியும் சாலைக்குப் பக்கத்தில் வந்தது.

"வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினார். பிள்ளையின் தலையை மெல்ல மூட்டைமேல் நகர்த்தி வைத்துவிட்டு இறங்கினாள். அவர் பக்கத்திலிருந்த வேட்டியை எடுத்துக்கொண்டாள். செடிகளை விலக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, தண்டவாளம் கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள். வேட்டியை மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். மார்பில் அடித்துக்கொண்டு, மகன் பேரையும் மகள் பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லி, சாலையில் போன வண்டியெல்லாம் நின்று பார்க்கிற மாதிரி அழுதாள். மாரப்பன் காளைகளின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்டே போகத் துணிவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு இறங்கி வந்தாள். செம்புத் தண்ணீரில் முகம் கழுவினாள். வண்டியில் ஏறி, பின்னால் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"தையில. சந்தையில ஒருத்தன் சொன்னான். கூட இருந்தவன்."

அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். "நாலு மாசமா ஒண்டியாவா அழுதீங்க?"

"எங்க அழுவறது?" என்றார் மாரப்பன். "அழுதா ஏன்னு நீ கேப்பியே."

கோவிந்தம்மாள் அவர் கையிலிருந்த பிடிகயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"பின்னால போயி புள்ள பக்கத்துல உக்காருங்க" என்றாள். "இனி கேக்க மாட்டேன்."

மாரப்பன் பின்னால் போய் உட்கார்ந்தார். தருமபுரி வரைக்கும் அவள்தான் வண்டியை ஓட்டினாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.