கரிச்சான் வெளுத்தது

ராயகிரியிலிருந்து மருமகன் துரைப்பாண்டி சங்கரன்கோவிலுக்கு வந்திருக்கிறார் என்றதும் இசக்கித்தாய் உலையை இறக்கி வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். அவர் உட்காரவில்லை. துண்டின் முனையில் எதையோ முடிந்து பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல நின்றார்.

“வாங்க மாப்பிள்ளை. அது என்ன முடிச்சு?”

“கோவில் புற்றுமண்ணு அத்தே.”

சங்கரன்கோவில் புற்றுமண்ணைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் தோல்நோய்க்காரர்கள்.

“எம் மக மாரித்தாய் மேலுக்கு என்ன?”

“அவ நல்லாத்தான் இருக்கா.”

“மதினிக்கா? அண்ணாச்சிக்கா?”

“யாருக்கும் இல்ல.” துரைப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாய்க்கு.”

உள்ளே கயிறு திரித்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் சங்கரசுப்பு சிரித்துவிட்டார். “நாய்க்கு மண்ணு வாங்கவா மாப்பிள்ளை இம்புட்டுத் தூரம் வந்தீய?”

“சிரிக்காதிய மாமா. எங்க அய்யா கோவத்துல இருக்காக. கரிச்சான் வெளுத்துட்டு வருது. முதல்ல மூஞ்சி, அப்புறம் காலு, இப்போ முதுகு. வெண்குஷ்டம்னு சொல்லுதாக. ஆட்டுக்குத் தொத்திக்கிட்டா கிடையே போச்சு, அமாவாசைக்குள்ள கருக்கலைன்னா அடிச்சுப் புதைச்சிருவேன்னு நிக்காக.”

“வேற என்ன சொன்னாக?”

“வேற ஒண்ணும் இல்ல.”

“சும்மா சொல்லுங்க மாப்பிள்ளை. நான் அழ மாட்டேன்.”

“சம்பந்தகாரி சீக்கு நாயைச் சீர்னு கட்டி அனுப்பிட்டான்னு சொன்னாக.”

இசக்கித்தாய் அழவில்லை. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது சீரோடு ஒரு வேட்டைநாய்க் குட்டியும் போவது அவர்களுக்குள் பழைய வழக்கம். அவள் வந்தபோதும் ஒரு குட்டி வந்தது. அதன் வம்சத்தை இன்றுவரை விடாமல் காத்து வருகிறாள். கருப்பு உடம்பு, செவலைக் கால், கத்திபோல இடுப்பு. அவள் வீட்டுக் குட்டிக்கு வாசுதேவநல்லூர்வரை பேர் உண்டு. அந்த நாய்களுக்கு ஒரே குறை, மயிர் குட்டை. ஐப்பசி மழையில் கிடைக்குக் காவல் நிற்கச் சொன்னால் நடுங்கும்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அவள் ஒரு காரியம் செய்தாள். ரயில்வே கார்டு வீட்டுத் துரைசானி ராபின் என்று பூடில் ஜாதிச் சீமைநாய் ஒன்று வைத்திருந்தாள். சுருட்டை மயிர், வெள்ளிப் பாத்திரம்போல நிறம். வெள்ளைக்காரர் ஆட்சி முடிந்து துரைசானி குடும்பம் கப்பலேறும் முன்னால் இசக்கித்தாய் தன் பெட்டையை ராபினோடு சேர்த்துவிட்டாள். நாலு குட்டி பிறந்தன. இரண்டு தங்கவில்லை. ஒன்று புளியங்குடிக்குப் போனது. மற்றொன்று பெட்டை. அதுதான் தாடியும் மீசையுமாக, முரட்டுச் சுருட்டையோடு, கரிக்கட்டைபோல வளர்ந்து மாரித்தாயோடு ராயகிரிக்குப் போன கரிச்சான்.

“இருங்க மாப்பிள்ளை. நானும் வாரேன்,” என்றாள்.

“எட்டி, நீ என்னத்துக்கு? சம்பந்தகாரர் வீட்டுல போய்ச் சண்டை போடவா?” என்றார் சங்கரசுப்பு.

“சண்டை எதுக்கு? என் நாயைப் பாக்கப் போறேன். சோறு இறக்கி வச்சிருக்கு, வடிச்சுக்கிடுங்க.”

ராயகிரியில் ஆட்டுக்கிடை, ஊருக்கு மேற்கே ஒரு பருத்திக்காட்டில் போட்டிருந்தது. சம்பந்தகாரர் செல்லச்சாமி வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பேச்சித்தாய் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாரித்தாய் அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். மாமனார் இருக்கிறார் என்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

கரிச்சானைக் கிடைக்கு வெளியே, தனியாக ஒரு வேலமரத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் செம்மண் பூச்சு. இசக்கித்தாயைக் கண்டதும் அது துள்ள, மண் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

“வா தங்கச்சி,” என்றார் செல்லச்சாமி. “உன் சீரைப் பாக்க வந்தியாக்கும்? நல்லாப் பாரு. பேரு கரிச்சான். இப்போ கொக்கு மாதிரி நிக்குது.”

“ஏற்கெனவே ரெண்டு தடவை மண்ணு பூசியாச்சு மதினி. கழுவக் கழுவ வெளுப்புத்தான் கூடுது,” என்றாள் பேச்சித்தாய்.

“சீக்கு இருந்தால்ல மதினி மண்ணு கேக்கும்?”

“சீக்கு இல்லாம நிறம் மாறுமா?”

“மாறும். அண்ணாச்சி, ஆட்டுக்கு மயிர் வெட்டுத கத்தரி இருக்கா?”

செல்லச்சாமி யோசித்துவிட்டுக் கத்தரியை எடுத்துப் போட்டார். இசக்கித்தாய் நாயை மடியில் சாய்த்து, விலாவில் கையகலத்துக்கு மயிரை ஒட்ட வெட்டினாள்.

“வந்து பாருங்க. ஆயிரம் ஆட்டைப் பாத்த கண்ணு உங்களுக்கு. குஷ்டம்னா தோலு ரோஸா வெளுக்கும். இது எப்படி இருக்கு?”

அவர் குனிந்து பார்த்தார். தோல் ஈயப் பாத்திரம்போல நீலம் பாய்ந்து, ஒரு திட்டுக்கூட இல்லாமல் இருந்தது.

“தோலு சரியாத்தான் இருக்கு. அதனால? உள்ள இருக்க சீக்கு யாருக்குத் தெரியும்?”

“உங்க வண்டி மாடு காங்கேயந்தானே?”

“ஆமா.”

“கன்னுக்குட்டியா இருக்கையில என்ன நிறம்?”

“செவலை.”

“இப்போ?”

“வெளுத்து மயிலையாயிட்டு.”

“அதுக்குக் குஷ்டமா?”

துரைப்பாண்டி திரும்பி நின்று சிரித்தார். செல்லச்சாமி மகனை முறைத்தார். “அது மாடு தங்கச்சி. மாட்டுக்கு உள்ளது நாய்க்கு உண்டா?”

“இதோட அப்பனுக்கு உண்டு. ராபின் குட்டியா இருக்கையில அட்டக்கருப்பா இருந்துதுன்னு துரைசானி எங்கிட்ட சொல்லியிருக்கா. நேத்துப் புளியங்குடி எலுமிச்சங்காய் மண்டிக்காரரு தங்கப்பழம் ஆளு விட்டுச் சொன்னாரு. அவருக்குக் குடுத்த குட்டியும் வெளுக்குதாம்.”

“அப்போ ரெண்டுக்கும் ஒரே சீக்கு.”

பேச்சித்தாய் இடையில் கேட்டாள்: “இதெல்லாம் தெரிஞ்சவ, கலியாணத்துலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மதினி?”

“சொல்லியிருக்கலாம். வெள்ளியா மாறி நிக்கும்போது ராயகிரியே வந்து, ‘இது எந்த வீட்டு நாயி’ன்னு கேக்கட்டும்னு இருந்தேன்.”

“கேட்டாகளே. நல்லாக் கேட்டாக,” என்றார் செல்லச்சாமி. “என் வேட்டைநாய் கருவாயன் வேற இதுகூட சேந்துட்டான். வயித்துல குட்டி கிடக்கு. என் நாய் வம்சமும் போச்சு.”

இசக்கித்தாய் கரிச்சானின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அண்ணாச்சி, சீக்கு யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?”

“முடியாது.”

“இந்தக் குட்டிகள்ல எது வெளுக்கும் எது வெளுக்காதுன்னு நான் சொல்லுதேன். எல்லாம் கருப்பாத்தான் விழும். பால்குடி மறக்குறதுக்குள்ள நான் வந்து, இது இதுன்னு தொட்டுச் சொல்லுதேன். ஒண்ணே ஒண்ணு தப்பினாலும் நாயையும் குட்டியையும் நானே கொண்டுட்டுப் போயிருதேன். அதுக்குப் பொறவு என் வீட்டுல நாய் கிடையாது. இருக்கிற பெட்டையையும் குடுத்திருவேன்.”

“அம்மா,” என்றாள் மாரித்தாய்.

“நீ சும்மா இரு மக்கா.”

செல்லச்சாமி மீசையை நீவினார். “சரியாப் போச்சுன்னா?”

“இதே கிடையில, நாலு பேரு முன்னாடி, இது சீக்கு இல்லன்னு உங்க வாயால சொல்லணும்.”

“குட்டி விழட்டும். பாப்போம்,” என்றார். கரிச்சான் அமாவாசையைத் தாண்டியது.

ஆறு குட்டி விழுந்தன. ஆறும் கருப்பு. ஒன்றுக்கு மட்டும் கருவாயனைப்போல செவலைக் கால். இதில் எதை வெள்ளை என்பாள் என்று ராயகிரியில் சிரிப்பாகச் சிரித்தார்கள். சங்கரன்கோவிலுக்குச் செய்தி வந்ததும் சங்கரசுப்புவும் கேட்டார்:

“எட்டி, எல்லாம் கருப்பாமே. நிசமாவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்படி?”

“துரைசானி ராபின் மூஞ்சியை மழிக்கும்போது பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். வெளுக்குத குட்டின்னா மழிச்சதும் அடிமயிர் மின்னும்னு சொன்னா. கரிச்சான் குட்டியா இருக்கையில கால்விரல் இடுக்குல விலக்கிப் பாத்தேன். அங்கனதான் முதல்ல வெள்ளி தெரியும்.”

“தப்பாப் போச்சுன்னா உன் பெட்டையையும் குடுக்கணும்.”

“அதான் சொல்லிட்டு வந்துட்டேன்ல,” என்றாள். ஆனால் அன்று அவள் பெட்டைக்குச் சோறு வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

குட்டிகள் தத்தி ஓடத் தொடங்கிய சமயம் அவள் மறுபடி ராயகிரிக்குப் போனாள். மேய்ப்பர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். செல்லச்சாமி கையில் ஆட்டுக்குக் காது வெட்டும் சூரிக்கத்தி இருந்தது.

“அது என்னத்துக்கு அண்ணாச்சி?”

“அடையாளத்துக்கு. நூல் கட்டினா அவுந்துரும், காவி பூசினா அழிஞ்சுரும். நீ வெளுக்கும்னு சொல்லுத குட்டிக்குக் காதுல ஒரு வெட்டு. அப்புறம் யாரும் பேச்சு மாற முடியாது.”

“சின்னதா வெட்டுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

மாரித்தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தாள். தாடி முளைக்காமல் வழுவழுவென்று இருந்த மூன்றையும் இசக்கித்தாய் தொட்டதோடு இறக்கிவிட்டாள். “இதுக கருவாயன் மாதிரி. கருப்பு கருப்பாவே இருக்கும்.”

“சுளுவாச் சொல்லிட்டியே,” என்றார் ஒரு மேய்ப்பர்.

மீசை அரும்பிய மூன்று மிச்சம். முதல் குட்டியின் மோவாயை மழித்தாள். ஊசிமுனை அளவுக்கு அடிமயிர் பளிச்சிட்டது. “இது வெளுக்கும்.” இரண்டாவதும் அப்படியே. செல்லச்சாமி இரண்டுக்கும் காதில் கீறினார். மூன்றாவதை மழித்தாள். அடிமயிர் கருப்பாகத்தான் இருந்தது. விரல் இடுக்கை விலக்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மறுபடி விலக்கினாள்.

“என்ன தங்கச்சி, நேரமாகுது?”

“இருங்க.”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிரு. தப்பில்ல.”

வெளுக்காது என்று சொல்ல இசக்கித்தாய் வாய் திறந்தாள்.

“வெளுக்கும்மா,” என்றாள் மாரித்தாய்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மாமனார் முன்னால் அவள் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

“ஏட்டி, எதை வச்சுச் சொல்லுத?” என்றாள் இசக்கித்தாய்.

“வாலுக்கு அடியில பாருங்க. கரிச்சானுக்கும் மோவாயில பிந்தித்தான் வந்துது. மூஞ்சி வெளுக்குறதுக்கு முன்னாடியே வாலடியில இழை இழையா வந்துது, வெளிய யாருக்கும் தெரியலை. தினமும் பேன் எடுத்து விடுதவ நானு, எனக்குத் தெரியாதா?”

இசக்கித்தாய் வாலைத் தூக்கி மயிரை விலக்கினாள். நாலைந்து இழை. வெள்ளியா, வெயிலா என்று சொல்ல முடியவில்லை. தன் வீட்டுப் பெட்டையை நினைத்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள்.

“வெட்டுங்க அண்ணாச்சி.”

“நீ சொல்லுதியா, உன் மக சொல்லுதாளா?”

“எங்க வீட்டுல சொல்லுதோம். வெட்டுங்க.”

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சித்திரையில் ஒன்றின் மூக்கோரம் நரைத்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த துரைப்பாண்டி, “ரெண்டு வெளுத்தாச்சு அத்தே,” என்றார்.

“மாரித்தாய் சொன்னது?”

“கரியாத்தான் இருக்கு.”

அவள் எழுந்து பெட்டைக்குச் சோறு எடுத்து வைக்கப் போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் ராயகிரியிலிருந்து ஆள் வந்தது: சம்பந்தகாரர் வரச் சொன்னார், உடனே. என்ன ஏதென்று வந்தவனுக்குத் தெரியவில்லை. சங்கரசுப்பு, “நானும் வாரேன்,” என்று குடையை எடுத்தார்.

கிடையைச் சுற்றிலும் சேறு. நாட்டுநாய்கள் வண்டிக்கு அடியில் சுருண்டு கிடந்தன. தூறலில் கரிச்சான் மட்டும் வேலியோரம் நடந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் காது வெட்டிய மூன்றும், மேலிருந்த நீரைச் சிலுப்பிவிட்டுச் சிலுப்பிவிட்டு. இரண்டு நல்ல வெள்ளி. மூன்றாவது மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் இருட்டு, ஆனால் முகத்திலிருந்து வால்வரை ஒரே சீராக வெளுத்திருந்தது. வழுவழுப்பான மூன்றும் கருப்பு கருப்பாகவே இருந்தன.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு செல்லச்சாமி நின்றார். பக்கத்தில் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் கிடைக்காரர்கள் நாலு பேர். அவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் ஆள் அனுப்பியிருக்கிறார்.

“வா தங்கச்சி. சாட்சிக்கு ஆள் வேணும்னியே, நிக்காக பாரு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “இது சீக்கு இல்ல. நிறம். மாட்டுல மயிலைன்னு சொல்லுதோம்லா, அந்த மாதிரி. என் சம்பந்தகாரி முன்னாடியே சொன்னா. நான்தான் கேக்கலை.”

“போதும் அண்ணாச்சி,” என்றாள் இசக்கித்தாய்.

“என்ன போதும்? இன்னும் நான் முடிக்கலை.” அவர் கிடைக்காரர்கள் பக்கம் திரும்பினார். “மழையில நிக்குத நிலையைப் பாத்தியளா? இந்த மாதிரி நாய் இந்தச் சுத்து வட்டாரத்துலயே கிடையாது. எங்க வீட்டுல மட்டுந்தான்.”

சங்கரசுப்பு மனைவியின் காதருகே குனிந்தார். “பாத்தியா, அவுக வீட்டு நாயாமே.”

“இருந்துட்டுப் போகட்டும். என் மக இருக்குத வீடுதானே.”

கிடைக்காரர்களில் மூத்தவர் கேட்டார்: “அண்ணாச்சி, அடுத்த ஈத்துல எனக்கு ஒரு குட்டி வேணும். வெளுக்குத குட்டி. எதுன்னு நீங்கதான் பாத்துக் குடுக்கணும்.”

“நான் எங்கன கண்டேன்?” என்றார் செல்லச்சாமி. “எங்க மருமககிட்ட கேளுங்க. அவதான் பாத்துச் சொல்லுவா.”

குட்டிகளுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த மாரித்தாய், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் வந்தாள்.