சனி பஸ்ஸில் வரட்டும்

சனியை யார் வீட்டில் வைப்பது என்பதில்தான் சிக்கல் வெடித்தது. ஜான்சன் சார் எட்டாம் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்துக் கோள்களின் மாதிரி செய்யச் சொல்லியிருந்தார். தினேஷ்குமார், கீதா, அனுஷா மூவரும் ஒரு குழு. தினேஷ் வீட்டு போர்டிகோவில் காகிதக்கூழ் உருண்டைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பஜ்ஜித் தட்டோடு வந்த அவன் அம்மா சுதா, காய்ந்துகொண்டிருந்த ஓர் உருண்டையில் எழுதியிருந்த பெயரைப் படித்தாள். தட்டு ஆடிப்போயிற்று.

"இன்னாடா இது, சனியா? உங்கப்பாவுக்கு ஏழரை நடந்துகினு கீது. கோயில்லயே கும்புட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வர்றோம். நீ வூட்டாண்ட கொண்ணாந்து காய வெக்கிறியா?"

"பாடம்மா இது!"

"இன்னாவா இருந்தா இன்னா?" சுதாவின் பார்வை அனுஷாவிடம் வந்து நின்றது. "இந்தா பொண்ணே, இத்த நீ எத்துகினு போ. உங்க பக்கம் இதெல்லாம் பாக்க மாட்டாங்க."

அனுஷாவுக்கு உள்ளுக்குள் கும்மாளம். எட்டுக் கோளில் அழகானது, தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. காவாந்தண்டலம் கிராமத்துக்கு வெளியே, ஏரிக்கரையோர இருளர் குடியிருப்புக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அம்மா ஜெயம்மா முகம் சுளித்தாள்.

"அவங்களுக்கு ஆவாதது நமக்கு மட்டும் ஆவுமா?"

தினேஷின் அப்பா ராஜாராமின் வயலில் கூலி வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அனுஷாவின் அப்பா வரதன் சிரித்தான். "நம்மகிட்ட புடுங்க இன்னா கீது? வந்தாலும் சுத்திப் பாத்துட்டு, அதுவே அயுதுட்டுப் பூடும்."

ஜெயம்மாவும் சிரித்துவிட்டாள். ஆனால் உருண்டையை உள்ளே விடவில்லை. வாசல் கூரைக் கம்பில்தான் கட்டினாள். அங்கேயே உட்கார்ந்து அனுஷா வளையம் செய்தாள். அட்டையை வட்டமாக வெட்டி, பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளித்தாளை இழை இழையாகக் கிழித்து ஒட்டினாள். பள்ளியில் மாட்டியபோது மற்ற ஏழு கோள்களை யாரும் பார்க்கவில்லை. மாதிரி காஞ்சிபுரம் கண்காட்சிக்குத் தேர்வானது. சனியைப் பற்றி மைக்கில் பேச வேண்டியவள் அனுஷா என்று சார் சொல்லிவிட்டார்.

அவள் மைக்கைத் தொட்டதே இல்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேசிப் பேசிப் பழகினாள். 'சனி சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகும். சனி மெதுவாகத்தான் வரும்.' அந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கீதாவும் தினேஷும் ஏற்கெனவே கேட்டுச் சிரித்திருந்தார்களே.

மாதிரியை ஏற்றிப்போக ராஜாராம் கார் தருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. சனி ஏறக்கூடாது.

ஜான்சன் சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற வண்டி இல்லம்மா. நீ சனியை எடுத்துக்கிட்டு பஸ்ல முன்னாடியே கிளம்பிடு. நாங்க அங்க உனக்காக நிப்போம்."

முன்னாடியேதான் கிளம்பினாள். ஆனால் முதல் பஸ்ஸில் படிக்கட்டு வரை கூட்டம். ஏறியிருந்தால் வளையம் அப்பளம்தான். விட்டுவிட்டாள். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது பஸ்ஸில் சனியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, கை மரத்துப்போய்க் காஞ்சிபுரத்தில் இறங்கி ஓடினாள். கண்காட்சி அரங்குக்குள் நுழைந்தபோது தினேஷின் கழுத்தில் மெடல் தொங்கியது. கீதாவின் கழுத்திலும்.

"எங்கடி போன?" கீதா மூச்சு விடாமல் சொன்னாள். "ஜட்ஜு, ஒண்ணு காணோமேன்னு கேட்டாரு. இவன் பட்டுனு, 'சனி மெதுவாத்தான் சார் வரும், ஒரு சுத்துக்கே இருபத்தொன்பதரை வருஷம்'னுட்டான். எல்லாரும் ஒரே சிரிப்பு. ஃபர்ஸ்ட் பிரைஸ்!"

"அது நான் சொல்றதாச்சே."

கீதா மெடலின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள். தினேஷ் வேறு பக்கம் பார்த்தான். மாதிரியில் சனிக்கான ஆறாவது கம்பி மட்டும் காலியாக, ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அனுஷா எட்டி அதைப் பிடித்தாள்.

"இப்ப மாட்ட வேணாம்மா" என்றார் ஜான்சன் சார், தாழ்ந்த குரலில். "அந்தக் காலிக் கம்பியத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க." பிறகு, "திரும்பிப் போறப்ப கார்ல..." என்று ஆரம்பித்தவர், ராஜாராம் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பஸ்ல பாத்துப் போ."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். "இன்னா பாப்பா கைல? பளபளன்னு கீதே!"

"சனி."

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். அனுஷா ஜன்னலோரக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சனியை அங்கே உட்கார வைத்தாள். வெயில் பட்டு வளையத்தின் வெளிச்சம் பஸ் கூரையில் ஓடியது.

"சீட்ல லக்கேஜ் வெக்காத பாப்பா" என்றார் கண்டக்டர். "எடுத்துட்டு யாரையாவது ஒக்கார வுடு."

அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் நிறையக் கூட்டம். யாரும் உட்கார வரவில்லை.