பின்சீட்டுக்கு ஓர் ஆள்

நீளமான கருப்புக் காரை ஓட்டிவருகிறவர்தான் அதன் உரிமையாளர் என்று பெங்களூரில் யாரும் சொல்வதில்லை. உரிமையாளர் பின்சீட்டில், இடப்பக்கமாக, கைப்பேசியைப் பார்த்தபடி இருப்பார். முன்னால் இருப்பவர் ஓட்டுநர். எந்தப் பலகையிலும் இது எழுதப்பட்டதில்லை. எழுதிவைத்த போக்குவரத்து விதிகள் ஒவ்வொன்றிலும் கருத்து வேறுபாடு கொண்ட இந்நகரம், எழுதாத இந்த ஒரு விதியில் மட்டும் ஒருமனதாக இருந்தது.

மர்பி டவுனில் மனைவி பிரிசில்லாவுடன் வாடகைக்கு இருந்த மதியழகனுக்கு இந்த விதி தெரியாமலில்லை. அது தனக்குப் பொருந்தாது என்று நினைத்திருந்தான். மூடப்பட்டுவிட்ட ஒரு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் பயன்படுத்திய பதினாறு வயதுக் காரை, புதிய ஸ்கூட்டர் ஒன்றின் விலைக்கு அவன் வாங்கியிருந்தான். தோல் இருக்கை, தனி ஏசி, சன்னல் திரை, காலை நீட்டிக்கொள்ள இடம் என எல்லாச் சொகுசும் பின்பாதியில் குவிந்திருந்தது. வேலை செய்கிறவனுக்கு இது போதும் என்கிற தோரணையில் இருந்தது முன்பாதி.

"வண்டி பழசாயிடுச்சு தம்பி. பார்ட்ஸ் மட்டும் இன்னும் எம்டி சம்பளம்தான் கேக்குது" என்றார் சிவாஜிநகர் மெக்கானிக்.

ஆகவே மதியழகன் முதல் மாதம் பிரேக்கையும், இரண்டாம் மாதம் ரேடியேட்டரையும் சரிசெய்தான். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்க மறுத்தது. அதன் மோட்டார் பட்டியலில் ஒன்பதாவது இடத்தில் காத்திருந்தது. அதுவரை ஒவ்வொரு வாசலிலும் அவன் கதவைத் திறந்து, கீழே இறங்கித்தான் பேச வேண்டியிருந்தது. ஓர் ஓட்டுநர் இறங்குவதைப் போலவே அது இருந்தது.

வெளிவட்டச் சாலையில் இருந்த அவனுடைய அலுவலகத்தின் வாசலில், யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் காவலர் சந்திரன், அவன் காரில் போன முதல் நாளே கேட்டார்.

"சார் எங்க குரு?"

"எந்த சார்?"

"கார் சார்."

"நான்தாங்க. இது என் வண்டி."

சந்திரன் சிரித்தார். "நானும் இந்த பில்டிங்கு என்னுதுன்னுதான் ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன். ஆர்சி காட்டு."

ஆர்சியையும் ஓட்டுநர் உரிமத்தையும் அவர் மாற்றி மாற்றிப் படித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அட, சாருக்கும் உனக்கும் ஒரே பேரு! அதான் உன்ன வேலைக்கு வெச்சிருக்காரு. டிரைவருங்க வண்டி பின்னாடி கிரவுண்டுல நிக்கணும். போ."

பின்புற மைதானத்திலிருந்து கட்டடத்தைச் சுற்றி நடந்து வர இருபது நிமிடம் ஆயிற்று. ஒரே வாரத்தில் வருகைப் பதிவேட்டில் இரண்டு தாமதக் குறிகள் விழுந்தன. தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. மூன்றாவது குறி விழுந்தால் வேலை நிரந்தரமாகாது.

"பஸ்ல போயேன்" என்றாள் பிரிசில்லா.

"என் கார்ல நான் போறது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? நம்ப மாட்றானுங்க, அவ்ளோதான். பின்னாடி குந்தினு வர்றதுக்கு ஒரு ஆளு வோணும் உனக்கு. மேல்வூட்டு ஜெயவேலு அண்ணன் சும்மாதானே கீறாரு?"

ஜெயவேலு கோலார் தங்கவயலில் சுரங்க லிஃப்டை இயக்கியவர். பதினைந்து ஆண்டுகள் மற்றவர்களை ஏற்றி இறக்கியவருக்கு, தான் ஏற்றிச் செல்லப்படுவதில் மறுப்பு எதுவும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டார். ஸ்மார்ட்போன் இல்லாததால் வீட்டு டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டார். பின்சீட்டில் சாய்ந்து, அதையே கவலையோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

கார் திரும்பும் முன்பே வாசல் தடுப்பு உயர்ந்தது. சந்திரன் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். முகப்பை ஒட்டி, முக்கிய விருந்தினருக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் அவர்களுக்குக் கிடைத்தது. மதியழகன் தன்னுடைய மடிக்கணினிப் பையோடு முன்வாசல் வழியாக உள்ளே ஓடினான். சாருடைய பையை டிரைவர் எடுத்துப் போகிறான் என்று சந்திரன் புரிந்துகொண்டார். மூன்று வாரங்களாகத் தாமதக் குறி எதுவும் விழவில்லை.

இதற்கிடையில் வரவேற்பறை சோபா ஜெயவேலுவுக்கு உரியதாயிற்று. காலை ஒன்பதரைக்குக் காபி வந்தது. யார் எதைக் கேட்டாலும் அவர் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே "பாக்கலாம்" என்றார். கேன்டீனில் உப்புமாவை நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டபோதும் "பாக்கலாம்" என்றார். மறுநாள் உப்புமா நின்றது.

நான்காம் திங்கட்கிழமை, மனிதவளப் பிரிவின் ஷ்ரேயா மதியழகனைத் தன் அறைக்கு அழைத்தார். மேசையின் மேல் வேலைநீக்கக் கடிதம் இருந்தது.

"மதி, இங்க வேலை பாத்துட்டே இன்னொரு வேலை பாக்கக் கூடாதுன்னு தெரியும்ல? தினமும் காலைல டிரைவர் டியூட்டி முடிச்சிட்டு வர்றீங்க. சிசிடிவில எல்லாம் இருக்கு."

"அது என்னோட கார் மேடம்."

ஷ்ரேயா தண்ணீர் டம்ளரை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தினார். "எத்தனை நாளா இப்படித் தோணுது?"

"ஆர்சி இருக்கு. பாருங்க." அதை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"வேணாம். சாரையே கேட்டுடலாம்."

சந்திரன் ஜெயவேலுவை அழைத்துவந்து, கதவைத் திறந்துவிட்டு, வாசலிலேயே நின்றார். ஷ்ரேயா எழுந்து தன் நாற்காலியை ஜெயவேலுவுக்குக் கொடுத்தார். காபி வந்தது.

"டிஸ்டர்ப் பண்றதுக்கு சாரி சார். இவரை நாங்க ரிலீவ் பண்ணிட்டா, நீங்க ஃபுல்டைம் டிரைவரா வெச்சுக்குவீங்களா?"

"பாக்கலாம்" என்றார் ஜெயவேலு. மூன்று வாரப் பழக்கம் அது.

ஷ்ரேயா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அண்ணே!" என்றான் மதியழகன்.

ஜெயவேலு கடிதத்தைப் பார்த்தார். காபியைப் பார்த்தார், நல்ல காபி, நுரை இன்னும் அடங்கவில்லை. சுழலும் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவினார். கையெழுத்துக்கு முன் முறைப்படி எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று ஷ்ரேயா ஆர்சியை எடுத்துப் படித்தார்.

"மதியழகன்... சார், உங்க பேரும் மதியழகன்தானா?"

ஜெயவேலு காபியைக் குடிக்காமல் தள்ளிவைத்தார். ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்ற சந்திரனுக்கும் கேட்கும்படி, தாழாத குரலில் சொன்னார்:

"எம்பேரு ஜெயவேலும்மா. இது டிவி ரிமோட்டு. கீய நிக்கிற வண்டிய இவன்தான் வாங்கினான், இவன்தான் ஓட்றான். ஓட்றவன்தாம்மா ஓனரு."