முதுகு காட்டிய ட

1

இந்தக் கதையை நான் ஒரு நாலு கோடு நோட்டிலிருந்து திருடினேன். மேலப்பாளையத்தில் மழலையர் வகுப்பு எடுக்கும் என் தோழி முத்துராணி அதை என் முன்னால் விரித்து, "சத்தம் கேட்டா பிள்ள டக்குன்னு சொல்லுதா. எழுதச் சொன்னா எல்லாம் முதுகைக் காட்டிட்டு நிக்குது, பாரு" என்றாள். பக்கம் முழுக்க 'ட'. ஒவ்வொன்றும் இடம் வலம் மாறி நின்றது.

(குடும்பக் காதல் கதை எழுதுகிறவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஓர் உம்மாவும் வாப்பாவும் இருப்பார்கள் அல்லவா?)

நோட்டு யாருடையது என்று நான் கேட்கவில்லை. இனி வருவதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "தாமிரபரணி சலசலத்து ஓடிய அந்த மாலையில் ரைஹானத்..."

வேண்டாம். ரைஹானத் ஆற்றுப் பக்கம் போயே பல மாதம் ஆகிறது.

இரண்டாவது: "கணவனைப் பிரிந்தவளின் கண்களில் ததும்பிய..."

ததும்பியது உண்மைதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மாலை ஆறே முக்கால். முன்னறையில் அரிசி டப்பாவில் சாய்ந்து நிற்கும் போனில் அவள் கணவன் ஆதில், தம்மாமில் ஒரு கடையின் கிடங்கிலிருந்து தெரிவான். அவனுக்கு அது தேநீர் நேரம். மகள் தஸ்மியா சிலேட்டோடு எதிரே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு நாலரை வயது. கிழித்த அட்டைப்பெட்டியில் தடித்த பேனாவால் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதிக் காட்டுவான் அவன்.

"இது என்ன சத்தம்?"

"ட்... ட்... டப்பா!"

"இன்னொண்ணு?"

"டமார்!"

"எங்க, வாப்பாவப் பார்த்து எழுதும்மா."

ரைஹானத் அடுக்களையை விட்டு நகரமாட்டாள். காதால் கேட்பதோடு சரி. எட்டிப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று பயம். தஸ்மியா, ஆதில் ஒரு வயதில் விட்டுப்போன மகள். இரண்டு மாதத்துக்கு முன்புவரை போன் அடித்தாலே, "உம்மா, அந்த ஆளு வந்துட்டாரு" என்று கட்டிலுக்கு அடியில் ஓடுவாள். ஆதில் சிரித்தான். பிறகு மூன்று நாள் கூப்பிடவில்லை; சிக்னல் இல்லை என்றான். அவளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவந்தவை இந்த எழுத்துகள்தான்.

3

ரைஹானத்தை டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள்.

"வீட்டுல யாரு சொல்லிக் குடுக்கா?"

"அவ வாப்பாதான் டீச்சர். போன்ல."

"நான் திருத்தினா அழிச்சுட்டு, 'எங்க வாப்பா இப்படித்தான் எழுதுவாக'ங்கா. எதுக்கும் ஒரு டாக்டர்ட்ட காட்டிருங்களேன்."

அன்று மாலை முதன்முறையாக ரைஹானத் மகளின் பின்னால் வந்து நின்றாள். ஆதிலின் அட்டையில் 'ம' திரும்பி நின்றது. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் அவளும் மகளும் தெரிந்தார்கள். அதற்குள் அவர்கள் வீட்டுக் காலண்டரின் எண்களும் திரும்பித்தான் நின்றன.*

புரிந்துவிட்டது. தன் அட்டை தன் திரையில் இடம் வலம் மாறித் தெரிந்ததைப் பார்த்தவன், மகளுக்கும் அப்படித்தான் தெரியும் என்று நம்பியிருக்கிறான். அவளுக்கு நேராகத் தெரியட்டும் என்று இரண்டு மாதமாகப் பாடுபட்டுத் திருப்பி எழுதியிருக்கிறான்.

* வீடியோ அழைப்பில் நம் படம் மட்டும் நமக்குக் கண்ணாடிபோல் காட்டும். எதிரில் இருப்பவருக்கு நேராகத்தான் தெரியும். எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்பித்தது 'ப' ஒன்றுதான்.

4

இங்கே எனக்கு ஆதில்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல புருஷன் என் கதைகளில்தான் உண்டு. ஆகவே கொஞ்சம் ரோஷம் கொடுத்தேன். மகளுக்கு அவன் அனுப்பிய கவுன் இறுக்கமாக இருக்கிறது என்று ஒருமுறை ரைஹானத் சொன்னாள். அதோடு கவுன் அனுப்புவதையே நிறுத்திவிட்டான்.

இதையும் சொன்னால் அட்டையைக் கீழே வைத்துவிடுவான். மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவளை டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டும்.

முடிவு அ: ஆதில் விடுப்பில் வந்து வாசலில் நிற்கிறான், மகளின் விரலைப் பிடித்து...

அடித்துவிட்டேன். விடுப்புக்குப் பதினோரு மாதம் இருக்கிறது. தஸ்மியா நாளைக்கு எழுதியாக வேண்டும்.

முடிவு ஆ: இது ரைஹானத்தின் யோசனை. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து போனுக்கு எதிரே நிறுத்தி, அதில் பார்த்து எழுதச் சொன்னாள். திரும்பியது நேரானது! ஆதிலிடம், "வெளிச்சத்துக்காக வச்சிருக்கேன் மச்சான்" என்றாள். இரண்டு நாள் ஓடியது. நானும் இதோடு முடித்திருப்பேன்.

மூன்றாம் நாள் தஸ்மியா சிலேட்டைத் தள்ளிவைத்தாள்.

"உம்மா, வாப்பாவ ஏன் கண்ணாடிக்குள்ள போட்டே? எனக்கு வாப்பா மூஞ்சிய நேராப் பார்க்கணும்."

ரைஹானத் கண்ணாடியை எடுத்துவிட்டாள்.

5

"மச்சான், ஒண்ணு சொல்லுவேன். ரோஷப்படக் கூடாது."

சொன்னாள். அவன் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டீ குடிக்கப் போகாம உக்காந்து பழகினேன் புள்ள. நேரா எழுதுததைவிட அது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா?"

பின்னாலிருந்து அவனோடு வேலை பார்க்கும் புன்னக்காயல் ஜாஸ்பரின் குரல் வந்தது. "ஏலே ஆதிலு, உன் மவ கலெக்டரானா தாலுகா ஆபீசுக்கெல்லாம் கண்ணாடில்லா வாங்கிக் குடுக்கணும்!"

ரைஹானத்துக்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆதில் அட்டையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"ஆதில் சிரித்..." என்று எழுதினேன். நிறுத்தினேன். "ஆதில் அழு..." என்றும் எழுதினேன். குலுங்கும் தோளை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தஸ்மியா திரையை ஒட்டி நகர்ந்து வந்தாள்.

"அட்டைய எடுங்க வாப்பா. மூஞ்சி தெரியல."

இருபது கதைகளில் இந்த இடத்தில் நான் கணவனைத் திருத்தியிருக்கிறேன். இவனை என்னால் அசைக்க முடியவில்லை. அட்டையின் மேல் விளிம்பில், மை படிந்த நான்கு விரல்கள் தெரிகின்றன. அட்டையை இறக்குவது இனி உங்கள் கையில். மெதுவாக இறக்குங்கள்; பிள்ளை ரொம்பப் பக்கத்தில் இருக்கிறாள்.