படையலில் சிவப்பு ஜாடி

"அந்த ஜாடியைக் கொஞ்சம் முன்னால நகர்த்துங்கம்மா. சோத்துக் கிண்ணம் மறைக்குது."

"வேணும்னா சோத்தையே எடுத்துடவா?" என்றாள் அண்ணி.

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாளா என்று படம் பிடிக்க வந்தவனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். பணக்காரன் மனைவிக்கு நாளடைவில் அப்படி ஒரு முகம் வந்துவிடுகிறது.

அன்று அம்மாவின் திதி. சியோலில், என் அண்ணன் கியூதேயின் வீட்டுக் கூடத்தில் படையல் மேசை போட்டிருந்தது. அம்மா போனதிலிருந்து தெற்கே நாம்வோன் ஊரில் என் வீட்டில் நான்தான் படைத்து வந்தேன். மகள் படைப்பது முறையில்லை என்றார்கள். முறையுள்ள மூத்த மகனுக்கோ ஒவ்வொரு வருடமும் அதே நாளில் எங்காவது ஒரு கிளைத் திறப்பு விழா வந்துவிடும். இந்த வருடம் அவன் கம்பெனிக்கு ஆண்டு விழா. விளம்பரப் படத்துக்கு ஓர் அம்மா தேவைப்பட்டாள். ஆள் அனுப்பி என் வீட்டிலிருந்த அவள் படத்தை வரவழைத்துக்கொண்டான். முள்ளங்கிச் சாறும் வாட்டிய மீனும் கட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே பஸ் ஏறினேன்.

அண்ணன் கம்பெனியின் 'அம்மா ஜாடி' மிளகாய் விழுது இல்லாத வீடு இந்த நாட்டில் குறைவு. மூடியில் அம்மாவின் முகம். சிரிக்காதவளைச் சிரிக்க வைத்திருப்பார்கள். வேலை தேடிக் கிளம்பிய மகனுக்கு அம்மா முட்டைக்கோஸ் இலையில் ஓர் உருண்டை விழுது பொதிந்து கொடுத்தாளாம். மேடைக்கு மேடை அண்ணன் சொல்லும் கதை இது. சரியான இடத்தில் குரல் உடையும். கேட்பவர்கள் அழுவார்கள், அப்புறம் வாங்குவார்கள்.

அம்மாவுக்கு வயிற்றுப்புண். கிம்ச்சி ஊறுகாயைக்கூடக் காரம் போகத் தண்ணீரில் அலசித்தான் தின்பாள். அண்ணனின் விழுது பிறந்தது அவன் வேலை பார்த்த ராணுவச் சமையல்கட்டில். மொத்தக் கடைத் தகர டப்பா விழுதில் இனிப்புச் சோடாவை ஊற்றிக் கிண்டியது. ருசி என்னவோ நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ராணுவச் சமையல்காரனுக்காக யார் அழுவார்கள்?

படையலில் சிவப்பு ஆகாது. மிளகாய் நெடி பட்டால் இறந்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். எந்த வீட்டுக்குப் போன மருமகளும் முதல் வருடமே கற்றுக்கொள்வது இது. காலையிலேயே அண்ணனிடம் சொன்னேன். சிவப்பு இல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்குச் சரக்கு அடையாளம் தெரியாதாம்.

"போக்நிம், அம்மா என்ன பேயா, மிளகாய்க்குப் பயந்து ஓட? பெத்த தாய். மகன் சம்பாதிச்சதைப் பாத்துச் சந்தோஷப்படும்."

"பாக்குறதுக்கு விளம்பரம் போதும்ணே. இது சாப்பாடு."

சுற்றி நின்ற கம்பெனி ஆட்கள் அவன் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. தலைவர் வாய் திறந்தால் சிரிப்பது அவர்கள் சம்பளத்தில் சேர்த்தி.

இருட்டிய பிறகு செய்ய வேண்டியதை வெளிச்சத்துக்காகப் பகலிலேயே ஆரம்பித்தார்கள். அம்மா உள்ளே வரட்டும் என்று நான் திறந்து வைத்த வாசல் கதவை, தெருச் சத்தம் பதிவாகிறது என்று ஒருவன் சாத்தினான். திறந்தேன். திரும்பவும் சாத்தினான். அண்ணன் விழுந்து கும்பிட்டான். முகம் சரியாகத் தெரியவில்லை என்றதும் எழுந்து வந்து, மறுபடி அதே பக்தியோடு விழுந்தான். கண்ணீர்கூட அதே கண்ணில் வந்தது.

பிறகு குச்சிகள். இறந்தவர் எதை முதலில் எடுப்பாரோ அதன்மேல் சாப்பாட்டுக் குச்சிகளை வைப்பது வழக்கம். அண்ணன் கை மீனின் மேல் போய் நின்றது. அவன் மறந்திருக்கவில்லை. சின்ன வயதில் மீன் தலையை அம்மாவுக்கென்று ஒதுக்கி வைத்தவனே அவன்தான். படம் பிடிப்பவன் தொண்டையைச் செருமினான். கை நகர்ந்தது. திறந்த ஜாடியின் வாயில் குறுக்கே குச்சிகளை வைத்தான்.

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி நாங்கள் எல்லோரும் வெளியே போய் நிற்க வேண்டும், அம்மா தனியாகச் சாப்பிட. வருடத்துக்கு இந்த ஒரு வேளைதான் அவளுக்கு. முள்ளங்கிச் சாற்றில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. ஜாடியின் நெடியில் எனக்கே மூக்கு அரித்தது.

போய் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். தெரு இரைந்தது. யாரோ அலுப்போடு "தலைவரே" என்றான். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அந்த ஜாடியை மட்டும் எடுத்துடுண்ணே. அம்மா சாப்பிடட்டும்."