ஒரு வீடு, இரண்டு மீட்டர்

அண்ணன் தம்பி குடும்பங்கள் இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டு வந்தன. மின்மீட்டர் மட்டும் கீழே ஒன்று, மாடியில் ஒன்று. ஒவ்வொரு மீட்டருக்கும் முதல் நூறு யூனிட் மலிவு என்பதால் அந்த ஏற்பாடு. இப்போது புது உத்தரவு வந்திருந்தது: தனித்தனிச் சமையல் இருந்தால்தான் இரண்டு மீட்டர், இல்லாவிட்டால் ஒன்றாக இணைத்துவிடுவார்கள். இணைத்தால் யூனிட் எல்லாம் கூடிப்போய் மேல்கட்டணத்தில் ஏறி உட்காரும். பிள்ளைகளின் டியூஷனை நிறுத்த வேண்டியதுதான்.

மூத்த மருமகள் விடுகிற ஆளா?

"சோதனைக்கு ஆள் வந்தா நாம பிரிஞ்ச குடும்பம். மாடியில ஒரு அடுப்பைப் போட்டு வை" என்று ஓரகத்தியிடம் சொல்லி வைத்தாள்.

அதிகாரி வந்தார். பெற்ற தாயிடமே அடையாள அட்டை கேட்கிற முகம். மாடி அடுப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"பளபளன்னு இருக்கே. இதுல சமைக்கிறீங்களா, கும்பிடறீங்களா?"

அப்போதுதான் இளையவள் வாயைத் திறந்தாள்.

"போன வாரம்தான் சார் பிரிஞ்சோம். நாலு வருஷம் பொறுத்தேன். என் வீட்டுக்காரர் இன்னொரு கரண்டி சோறு கேட்டா, இவங்க பாத்திரத்தைப் பார்ப்பாங்க, அப்புறம் அவர் வயித்தைப் பார்ப்பாங்க. அதுக்கப்புறம் அவர் கேக்கறதையே விட்டுட்டார்."

"வேலைன்னா மாடிக்கு ஓடுவா, சாப்பாடுன்னா இறங்கி வருவா!" என்று மூத்தவளும் சளைக்காமல் பாய்ந்தாள். நடிப்புதானே!

அதிகாரி அவசரமாக 'இரண்டு குடும்பம்' என்று எழுதிக்கொண்டு தப்பித்தோம் பிழைத்தோம் என்று இறங்கிப் போனார்.

"அடி கள்ளி, கண்ணுல தண்ணி வேறயா! எங்கடி கத்துக்கிட்ட?" என்று மூத்தவள் சிரித்தாள். இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை.

அதிலிருந்து மூத்தவளுக்குச் சந்தேகம் அரித்தது. நெருப்பில்லாமல் புகையுமா? அந்தக் கரண்டி விஷயம் இருவரும் பேசி வைத்த வசனம் இல்லையே. பாத்திரத்தைப் பார்த்தது உண்மைதான். மாதக் கடைசியில் பார்க்காமல் எப்படி? சரி, அது போகட்டும். மாடி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவில் அரிசி விளிம்பு வரை இருந்ததே, நாடகத்துக்கு எதற்கு ஐந்து கிலோ அரிசி?

பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல எட்டுப் பேருக்கு வடித்து இறக்கிவிட்டு, படிக்கட்டின் கீழே நின்று குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் சாப்பிட வாங்க!"

இளையவள் மேல்படிக்கு வந்தாள். அவள் குரலில் துளிக் கோபம் இல்லை. மூத்தவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நாங்க சாப்பிட்டாச்சுக்கா."