இதழில் ஒட்டாத நிறம்

அட்டையிலிருந்த பூவின் இடது இதழ் மறுபடியும் காலை வாரிவிட்டது. கடைக்குட்டி முதலில் வெறும் தண்ணீரை இதழுக்குள் தடவி, ஈரம் மினுங்கும்போதே ஓரத்தில் ரோஜா நிறத்தைத் தொட்டு வைத்தாள். நிறம் அழகாக உள்ளே பரவிப் போய், பாதி வழியில் எதையோ கண்டு மிரண்ட மாதிரி ஒதுங்கிக்கொண்டது. அங்கே மட்டும் வெள்ளைத் திட்டு.

அந்த வீட்டில் வாழ்த்து அட்டை வேலை இரண்டு பேருக்கு. அண்ணி ரப்பர் அச்சில் கறுப்பு மை ஒற்றி அட்டையில் பூவைப் பதிப்பாள். காய்ந்ததும் கடைக்குட்டி வண்ணம் தீட்டுவாள். போன வாரம் அட்டைகளை வாங்கும் கடைக்காரம்மா, வெள்ளைத் திட்டுகளைக் காட்டி ஒரு கட்டு அட்டையையே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இன்னொரு தடவ இப்படி வந்தா கலர் வேலையையும் உங்க அண்ணிகிட்டயே குடுத்துடுவேம்மா."

அந்த வீட்டில் கடைக்குட்டிக்கென்று இருந்தது அந்த பிரஷ் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால்?

அன்றிலிருந்து அண்ணி மேல் அவளுக்கு ஒரு கண். மெழுகு தேய்த்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, இது அண்ணிக்குத் தெரியாதா? கலர் வேலையையும் பிடுங்கிக்கொள்ள அவள்தான் இதழில் மெழுகு தேய்க்கிறாளோ? அண்ணியோ அட்டையின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்தாள். அடிக்கடி கையைத் துடைத்துக்கொண்டாள். தப்புப் பண்ணாதவள் எதற்கு இப்படிப் பார்த்துப் பார்த்துத் தொட வேண்டும்?

"என்னடி, என் கையையே பாக்குற? வைர மோதிரமா போட்டிருக்கேன்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. வீட்டுல மெழுகுவத்தி இருக்கா?"

அண்ணி குளிக்கப் போனதும் அவள் பதித்து வைத்திருந்த அட்டை ஒன்றைக் கடைக்குட்டி எடுத்து, முழுவதும் வெளிர் நீலத்தை இழுத்தாள். மெழுகு இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். நீலம் ஒரு தடங்கலும் இல்லாமல் படிந்தது.

அடுத்து தன் மேஜையிலிருந்து ஒன்று. நிழல் விழும் பக்கத்தைக் காலையில் பென்சிலால் அவளே குறித்து வைத்தது. நீலம் பட்டதும் இடது பக்கம் வெள்ளைத் திட்டு எழும்பியது; அதற்குள் மெல்லிய ரேகைகள். தன் இடது உள்ளங்கையை அதற்கு மேலே பிடித்துப் பார்த்தாள். அவள் கையேதான். அட்டை நகராமல் அழுத்திப் பிடிக்கிற கை. நெற்றியில் விழும் எண்ணெய் முடியை ஓயாமல் ஒதுக்குவதும் அதே கை.

"என்ன, மெழுகுவத்தி கெடச்சுதா?"

ஈரத் தலையோடு அண்ணி வாசலில் நின்றாள்.

கடைக்குட்டிக்குக் காது சூடேறியது. "என் கை எண்ணெய்தான் அண்ணி."

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல?"

"என்னைத் திருடி மாதிரி பாத்துக்கிட்டிருந்த. சொன்னா நம்பியிருப்பியா?"

"கடைக்காரம்மா வேலைய உங்ககிட்ட குடுக்கறேன்னப்பவும் சொல்லலயே?"

அண்ணி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். "அதான் நீயே கண்டுபிடிச்சுட்டியே."

கடைக்குட்டி சோப்புப் போட்டுக் கை கழுவினாள். முடியைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். புது அட்டையில் இடது இதழ் விளிம்பு வரை சிவந்தது. அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் அண்ணி தெரிந்தும் சொல்லாததுதான் மனதில் நின்றது. எழுந்து, இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியை அண்ணி இருக்கும் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.